ஆபீசுக்கு ஒரு வயது

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின வருடம் என் தங்கைக்கு வீட்டில் பதின்மூன்று வயது, பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் பதினான்கு, வேலை பார்த்த மில்லில் பதினேழு. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் அப்போது வயது என்பது ஆபீஸ் கேட்கும்போது கொடுக்கிற ஒரு பொருள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார். தொட்டால் ஐந்து முடிந்தது என்று எழுதிக்கொள்வார். தொடுகிற சமயத்தில் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொள் என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளை பிறந்ததைக் கிராம முன்சீப்பிடம் போய்ப் பதிந்த வீடு எங்கள் தெருவில் ஒன்றுகூடக் கிடையாது. நாள் நட்சத்திரமெல்லாம் ஜாதகத்தில் இருக்கும். அதைக் கல்யாணத்துக்குத்தான் வெளியே எடுப்பார்கள்.

ஒரு ஆபீசில் கொடுத்த வயதை இன்னோர் ஆபீசுக்காரன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பான் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அப்படிப் பார்த்ததால் எங்கள் அம்மா அப்பாவிடம் போய்ச் சேரவில்லை. தங்கைக்கு அந்தப் பதினேழு வயதை வாங்கிக் கொடுத்தவன் நான்.

அப்பா மங்கலத்தில் கைத்தறி நெய்தவர். யுத்தம் முடிந்த பிறகு நூல் கண்ட்ரோலில் தறி மாதத்தில் பத்து நாள் ஓடினால் பெரிது. காங்கேயத்துக்காரர் ஒருவர், மலாயாவில் ஈப்போ பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர், ஊருக்கு வந்திருந்தார். அவர் பேச்சைக் கேட்டு அப்பா கப்பலேறிப் போனார். ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக இழுத்துப் புகைபோடுகிற கொட்டகையில் அவருக்கு வேலை. நடுவில் ஒரே ஒரு தடவை ஊருக்கு வந்து மூன்று மாதம் இருந்தார். நான் அப்போது வீட்டில் இல்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு உடுமலைப்பேட்டையில் ஒரு தேங்காய் மண்டியில் மட்டை உரித்துக்கொண்டிருந்தேன். அப்பா வந்திருக்கிறார் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்கள். நாளைக்குப் போகலாம், சந்தை முடியட்டும், நோம்பித் திருவிழாவுக்குப் போய்க்கொள்ளலாம் என்று இருந்தேன். போனபோது அவர் இல்லை. அதனால் எனக்கு ஞாபகம் இருந்த அப்பா, தறிக்குழிக்குள் உட்கார்ந்து இடுப்புக்கு மேல் மட்டும் தெரிகிற ஓர் ஆள்.

எனக்கு இருபது வயதானபோது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மிசினில் நின்றேன். நான் நிலையாக ஓரிடத்தில் இருக்கிறவன் இல்லை. ஆறு மாதம் ஆனால் கால் அரிக்க ஆரம்பித்துவிடும். அப்பாவிடமிருந்து பணம் வருகிற மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. வராத மாதங்கள் கூடிக்கொண்டே போயின. பக்கத்து நூல் மில்லின் ரீலிங் பகுதியில், நூலைக் கண்டாகச் சுற்றுகிற இடத்தில், பெண் பிள்ளைகளை எடுக்கிறார்கள் என்று அங்கே இருந்த மேஸ்திரி சொன்னார். பதினாறு வயது ஆனதாக டாக்டர் சீட்டு மட்டும் வேண்டும். தங்கைக்கு அப்போது பன்னிரண்டு.

நான் அம்மாவின் சேலையை எடுத்து அவளுக்குக் கட்டிவிடச் சொன்னேன். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. எங்களில் பெண் பெரியவளாகி, சீர் செய்து, தாய்மாமன் கொண்டுவந்த பிறகுதான் தாவணியோ சேலையோ.

“சீரு செய்யாத புள்ளைக்குச் சேலெ சுத்தச் சொல்றயேடா, நாலு பேரு பாத்தா என்னம்பாங்க?”

“நாலு பேரு சோறு போடறாங்களாம்மா? டாக்டரு பாத்ததும் அவுத்தர்லாம்.”

சேலை அவளுக்குப் பெரிது. இடுப்பில் இரண்டு மடிப்பு மடித்துச் செருகிவிட்டாள் அம்மா. நடக்கும்போது கொசுவம் காலைத் தட்டியது. மேஸ்திரி கூட்டிப்போன சர்க்கார் டாக்டர் அவளை வாயைத் திறக்கச் சொல்லி விரலை விட்டுப் பல்லை எண்ணினார்.

“கடவாய்ப் பல்லே காணமே மேஸ்திரி?”

“வருமுங்க சார். வந்துட்டே இருக்குதுங்க.”

டாக்டர் சிரித்துவிட்டார். தங்கையைப் பார்த்து, “உனக்கு என்னம்மா வயசு?” என்றார்.

“பதினாறுங்க.”

“நெசமா?”

“அண்ணன் அப்படித்தானுங்க சொல்லச் சொன்னாங்க.”

மேஸ்திரி இருமினார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார். தங்கை பெயர் போட்டு சர்க்கார் சீல் குத்திய காகிதம் அது ஒன்றுதான். அம்மா அதை மடித்து முருகன் படத்துக்குப் பின்னால் வைத்தாள். தங்கை அடுத்த வாரமே மில்லுக்குப் போக ஆரம்பித்தாள். அவள் அழவில்லை. கூட வேலை பார்க்கிற பிள்ளைகளும் அவள் வயதுதான் என்பதால் மத்தியானச் சோற்று நேரத்தில் அங்கே தாயம் விளையாடுவார்கள் என்று வந்து சொன்னாள்.

ஒரு வருடம் கழித்து மலாயாவிலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. அப்பாவுக்கு எழுத வராது. தோட்டத்தில் கணக்குப் பார்க்கிற கிராணி எழுதிய கடிதம். “இங்கே சுயராஜ்யம் வந்தால் சட்டம் மாறும் என்று யூனியனில் பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் பெண்டாட்டி பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்ள இவ்வளவு லேசில் விடமாட்டார்களாம். புருசனும் பெண்டாட்டியும் பல வருடம் பிரிந்து இருந்தால் அவளுக்கு இங்கே வருகிற உரிமை அற்றுப்போகும் என்றும் சொல்கிறார்கள். உனக்கும் பிள்ளைக்கும் பெர்மிட் வாங்கியிருக்கிறேன். தாமதம் செய்யாமல் வரவும்.” கூடவே இங்கிலீஷில் அடித்த பெர்மிட். அதில் அம்மா பெயர், தங்கை பெயர், இருவரின் வயது. என் பெயர் இல்லை. நான் வயது கடந்தவன். எனக்கு அதில் ஒன்றும் வருத்தம் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

எழுத்துக்கூட்டி இங்கிலீஷ் படிக்க எனக்கு வரும். தங்கை பெயருக்கு நேரே 13 என்று இருந்ததை நான்தான் வாசித்தேன். அம்மா அந்த எண்ணின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

“பாரு, அத்தனெ தொலவுல இருந்துட்டுப் புள்ளெ வயசெ எண்ணிட்டே இருந்திருக்கறாரு,” என்றாள். அம்மா அப்பாவைப் பற்றிப் பெருமையாகச் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

பாஸ்போர்ட் விசாரணைக்குப் பல்லடத்துத் தாலுகா ஆபீசுக்குப் போனோம். குமாஸ்தா பெயர், ஊர், அப்பன் பெயர் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, “புள்ளைக்கு வயசுக்கு என்ன ஆதாரம் வெச்சிருக்கறீங்க?” என்றார். அம்மா மஞ்சள் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்த ஜாதகத்தை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அதெ உள்ள வெய்யிம்மா. இது இருக்குதில்ல.”

மில் சீட்டைக் கொடுத்தேன். குமாஸ்தாவுக்கு முகம் மலர்ந்தது. “இந்த மாதிரிக் காயிதத்தோட வந்தீங்கன்னா எங்குளுக்கும் சோலி மிச்சம்,” என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. வரிசையில் நின்ற மற்றவர்கள் முன்சீப் கையெழுத்துக்கும் சாட்சிக்கும் அலைந்துகொண்டிருந்தார்கள்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். “பெர்மிட்டுல பதிமூணுன்னு படிச்சயே கண்ணு. இதுல எச்சாப் போட்டிருக்குமே?”

“அது அந்த ஊருக் கவருமெண்டும்மா. இது நம்ம கவருமெண்டு. அவங்குளுக்கு அவுங்க கணக்கு, இவங்குளுக்கு இவுங்க கணக்கு.”

நான் அதைச் சும்மா சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். நான் பிழைத்த பிழைப்பில் அதுவரை அப்படித்தான் இருந்தது. தேங்காய் மண்டியில் எனக்கு ஒரு பெயர், பனியன் கம்பெனியில் ஒரு பெயர், ஒன்றும் குறையவில்லை.

பாஸ்போர்ட் வந்தது. கப்பலுக்கு ஐந்து நாள் முன்னால் மூன்று பேரும் மெட்ராஸ் போனோம். அம்மா ஒரு டிரங்குப் பெட்டியில் அப்பாவுக்காகக் குழம்புக்குப் போடுகிற செலவுப் பொடியும், தேங்காய் எண்ணெயும், கம்பெனியில் நான் கேட்டு வாங்கிய கழிவுப் பனியன் ஆறும் வைத்திருந்தாள். அம்மை குத்திக்கொண்டார்கள். கடைசியாக மலாயா பெர்மிட்டைப் பார்க்கிற ஆபீசில் ஒரு முத்திரை விழ வேண்டும்.

அங்கே இருந்த ஆபீசர் தமிழர்தான். சாந்தமான மனிதர். பெர்மிட்டையும் தங்கையின் பாஸ்போர்ட்டையும் மேஜையில் பக்கம் பக்கமாக வைத்தார். 

“இதுல பதிமூணு. இதுல பதினேழு. எது நிஜம்?”

“பதிமூணுங்க,” என்றேன்.

“அப்ப பாஸ்போர்ட்ல இருக்கிறது?”

“அது மில்லுக்குங்க.”

“மில்லுக்குன்னா?”

“மில்லுல சேக்கறதுக்குச் சர்க்கார் டாக்டரு எழுதிக் குடுத்த வயசுங்க.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கெஞ்சியிருக்கலாம். “உங்க சர்க்கார் டாக்டர் சொன்னதை நீயே பொய்ங்கிற. பதினைஞ்சுக்குள்ள இருந்தாத்தான் பிள்ளைன்னு இந்தப் பெர்மிட்ல விடலாம். அதுக்கு மேல பெத்த பொண்ணா இருந்தாலும் முடியாது,” என்றார். அம்மா ஜாதகத்தைப் பிரித்து நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“இதை யார் வேணா எழுதலாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. மகள்னு சொல்லி வயசு வந்த பொண்ணுங்களை அழைச்சிட்டுப் போய் அங்க வித்துடறாங்க. நான் எதை வெச்சு நம்பறது?”

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் தங்கையின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். தங்கை ஆபீசரைப் பார்த்து, “நா இவிய மகதானுங்க சார்,” என்றாள். 

ஆபீசர் அம்மாவின் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். தங்கையுடையதைத் தள்ளி வைத்தார். “நீங்க போகலாம். பொண்ணு போக முடியாது. பள்ளிக்கூட ரிஜிஸ்டரெல்லாம் இதுக்குச் செல்லாது. அந்த டாக்டர்கிட்டயே வயசு தப்புன்னு எழுதி வாங்கிட்டு வந்தா அப்புறம் பார்ப்போம்.”

அவர்கள் இருவரையும் துறைமுகத்துக்குப் பக்கத்துச் சத்திரத்தில் விட்டுவிட்டு நான் மட்டும் திருப்பூருக்கு ரயிலேறினேன். டாக்டரைப் பார்க்கக்கூட முடியவில்லை. அவரிடம் அழைத்துப்போகச் சொல்லி மில்லுக்குப் போனேன், கேட்டிலேயே மேஸ்திரி என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

“ஏம்ப்பா, உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? உள்ள இருக்கற அத்தனெ புள்ளைகளுக்கும் அதே சீல்தான். ஒண்ணு பொய்யின்னு எழுதிக் குடுத்தா எல்லாம் பொய்யின்னு ஆகிப்போகும். நாளைக்கு அத்தனெயும் ஊட்டுக்குப் போகோணும். அவங்க அடுப்புலயெல்லாம் நீ போயி ஒலெ வெப்பயா?”

“என்ற அம்மா கப்பலேறோணுமுங்க.”

“ஏறட்டும். யாரு வேண்டாம்ங்கறா? புள்ளெ இங்கயே ரீலிங்ல இருக்கட்டும். நல்லா வேலெ செய்யறா.”

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து ரயிலுக்கு அனுப்பினார்.

சத்திரத்துக்குத் திரும்பியபோது அம்மா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.  தங்கைதான் முதலில் பேசினாள்.

“நீ போம்மா. நா அண்ணங்கூட இருந்துக்கறென். மில்லு இருக்குதில்ல.”

“அண்ணங்கூடவா?” அம்மா சிரித்த மாதிரி இருந்தது. “நாளைக்கு எங்க இருப்பான்னு அவனுக்கே தெரியாது. அவங்கூட இருக்கறாளாமா.”

“இருக்கறெம்மா,” என்றேன். “இவுளுக்குக் கண்ணாலம் ஆகற வரைக்கும் எங்கீயும் போகுல.”

அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. அப்பா வந்திருந்த மூன்று மாதத்தில் ஒரு நாள் வந்து எட்டிப்பார்க்காதவன் நான். தாய்மாமன்களும் இல்லை, சித்தப்பன் பெரியப்பன் வீடுகளில் வளர்கிற பெண் பிள்ளையை விட்டுப்போகிற அளவுக்கு ஒட்டும் இல்லை. சீட்டை வாங்கிக் கொடுத்ததைவிட இதுதான் அம்மாவைத் தடுத்தது என்று எனக்குப் பின்னால் தோன்றியது. நான் நம்பத் தகுந்தவனாக இருந்திருந்தால் அவள் போயிருப்பாள்.

கப்பல் புறப்படுகிற அன்று காலை அம்மா குளித்து, தங்கைக்குத் தலை வாரிப் பின்னி, பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டினாள். போகத்தான் முடிவு செய்துவிட்டாள் என்று நினைத்தேன். “கப்பலெப் பாத்துட்டு வந்தர்லாம்,” என்றாள். கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். கைக்குழந்தைகளோடு பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

“நம்முளுது எது?” என்று கேட்டாள் அம்மா.

எனக்குத் தெரியாது. பெரியதாகத் தெரிந்த ஒன்றைக் காட்டினேன். அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடலை அன்றுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள்.  பிறகு, “சரி, ரயிலுக்கு நேரமாச்சு,” என்று திரும்பி நடந்தாள். பெட்டியை நான் தூக்கிக்கொண்டேன்.

நடந்ததை அப்பாவுக்கு எழுதினோம். ஒரே ஒரு பதில் வந்தது. “பிள்ளையை ஏன் மில்லுக்கு அனுப்பினீர்கள்?” என்று கேட்டிருந்தது.  அடுத்த வருடம் அங்கே சுதந்திரம் வந்தது. பெர்மிட்டின் காலம் முடிந்தது. பிறகு சட்டம் இன்னும் இறுகிவிட்டது என்று கேள்விப்பட்டோம். தங்கைக்கும் நிஜமாகவே பதினைந்து தாண்டிவிட்டது. கடிதங்கள் குறைந்து, நின்றன. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணோடு அப்பா குடும்பம் நடத்துகிறார் என்று அந்தக் காங்கேயத்துக்காரர் வந்து சொன்னார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஆக்கிப் போடறதுக்கு ஆளு வேணுமில்லீங்க,” என்று மட்டும் சொன்னாள்.

நான் ஒரு வருடமும் சில மாதங்களும் வீட்டில் இருந்தேன். என் வரையில் அது பெரிய காலம். பிறகு பனியன் பார்சல் ஏற்றிய லாரியில் பம்பாய்க்குப் போனேன். அங்கிருந்து கல்கத்தா. ஓட்டலில் மாவாட்டினேன், சாயப் பட்டறையில் நின்றேன், ஒரு சர்க்கஸ் கூடாரத்துக்கு முளை அடித்தேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மங்கலம் வருவேன். ஒவ்வொரு தடவையும் தங்கையின் முகம் நிஜ வயதைத் தாண்டி, மில் சீட்டுக் கணக்கில் வருகிற வயதுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு இடம் வராமல் இல்லை. வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு நல்ல குடும்பம் வந்தது. பையனின் அப்பா நயமாகத்தான் பேசினார். “அப்பன் உசுரோட இருக்கறப்ப அவிய வாயால ஒரு வார்த்தெ வரோணுமுங்களே. வராட்டிப் போச்சாது, ஒரு கடுதாசியாச்சும்?” கடிதம் எழுதினோம். வரவில்லை. அவர்கள் ஆடி முடிந்து, புரட்டாசி முடிந்து, கார்த்திகை வரைக்கும் காத்திருந்துவிட்டு வேறு இடத்தில் முடித்துக்கொண்டார்கள். இன்னும் இரண்டு இடங்கள் அதே கேள்வியில் நின்றன. அதற்கப்புறம் தங்கையே, “யாரும் வர வேண்டாம்னு சொல்லிரும்மா,” என்று சொல்லிவிட்டாளாம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் திருப்பூரில் நொய்யல் கரையில் ஒரு சலவைப் பட்டறையில் இருந்தபோது, அப்பா வந்துவிட்டார் என்று தங்கை மில் பையன் ஒருவனிடம் சொல்லி அனுப்பினாள். இந்த முறை அன்றைக்கே போனேன். முன்னறையில் ஒல்லியாக ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். புகைக் கொட்டகையில் இருந்து இருந்து கண் இரண்டும் சிவந்து நீர் கோத்திருந்தது. என்னைப் பார்த்ததும், “வாங்க, யாருங்க?” என்றார்.

“நாந்தானுங்க,” என்றேன். அவர் எழுந்துகொண்டார். எனக்கும் உட்காருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

அங்கே குடியுரிமை எடுக்காதவர்கள் வேலை பார்ப்பதற்கும் பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. அவர் எடுத்திருக்கவில்லை. “எடுத்தா ஊரு வாசலெ மிதிக்க முடியாதும்பாங்க. ஒரு நாளைக்கு வந்தர்லாம்னு இருந்தென்,” என்றார். அந்தப் பெண்ணும் இரண்டு பிள்ளைகளும் அங்கே பிறந்தவர்கள், அந்த நாட்டுக் குடிகள். அவர்களோடு இருக்க விடுங்கள் என்று கேட்கப் போயிருக்கிறார். ஆபீசில் பழைய பைலை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் அவர் எங்களுக்காகப் போட்ட மனு இருந்தது. மனைவி என்ற இடத்தில் எங்கள் அம்மா பெயர். “உன் குடும்பம் இந்தியாவில் இருக்கிறதென்று நீயே எழுதியிருக்கிறாய். அங்கே போய்ச் சேர்ந்துகொள்,” என்று அனுப்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து அவர் என்னிடம் கேட்டார். அம்மா அடுப்படியில் இருந்தாள். தங்கை ஷிப்ட் முடிந்து வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“உங்கொம்மா ஒரு காயிதத்துல கைநாட்டு வெச்சுக் குடுத்தா நல்லது கண்ணு. அப்பவே தீத்துக்கிட்டோம், எனக்கும் அவருக்கும் ஒண்ணுமில்லைன்னு. அப்படி ஒண்ணு இருந்தா, அந்தப் புள்ளைக கிட்ட உடுவாங்களான்னு கேட்டுப் பாக்கலாம். சின்னது இன்னமும் ராத்திரிக்கு நானில்லாமெத் தூங்காது.”

தங்கை எழுந்து வெளியே போய்விட்டாள். நான் அம்மா பக்கம் பார்க்கவில்லை. பாத்திரச் சத்தம் நின்றது. அம்மா வந்து நிலைப்படியில் நின்றாள்.

“எழுது,” என்றாள் என்னிடம்.

“அம்மா, நல்லா ரோசிச்சுக்கொ.”

“ரோசிக்கறதுக்கு என்ன கெடக்குது? எழுதுடா. எந்த வருசம்னு போடோணுமில்ல? மெட்ராசுக்குப் போனமே, அந்த வருசத்தெப் போட்டுக்கொ.”

முத்திரைத்தாளில் நானே எழுதினேன். அம்மா கட்டைவிரலை மையில் தொட்டு அழுத்தி வைத்தாள். விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, “சோறு ஆறுது, ரெண்டு பேரும் வாங்க,” என்று உள்ளே போனாள்.

அப்பா அதை எடுத்துக்கொண்டு மெட்ராசில் இருக்கிற மலாயா ஆபீசுக்குப் போனார். நான் கூடப் போகவில்லை. பத்து நாளில் திரும்பி வந்தார். கோர்ட்டு உத்தரவு இல்லாமல் அந்தக் காகிதம் செல்லாதாம். செல்லுபடியானாலும் அங்கே உள்ளவளோடு பதிவான கல்யாணம் இல்லையாம். எதற்கும் மனுக் கொடுத்துவிட்டுப் போங்கள், பரிசீலிக்கிறோம் என்றார்களாம். இதையெல்லாம் வாசலில் நின்றபடியே சொன்னார். உள்ளே வரலாமா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. தங்கைக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு நின்றது.

“இனி எந்த மொறையிலம்மா இவரு இந்த ஊட்டுக்குள்ள வர்றாரு?” என்று கேட்டாள். சத்தம் போட்டுக் கேட்கவில்லை. மில்லில் நூல் கணக்குக் கேட்கிற மாதிரி கேட்டாள்.

“பசிச்சு வந்திருக்கறாரு,” என்றாள் அம்மா.

தங்கை வழியை விட்டாள். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டிலேயே இருந்தார். ஒரு பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தேன். கண் மங்கியதால் அதுவும் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கவில்லை. தங்கை அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. ஆனால் அவர் கண்ணுக்கு மருந்து வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போவாள். யார் வைத்தது என்று அவரும் கேட்கமாட்டார். நான் அவருக்காக நான்கு மனு எழுதினேன். எதற்கும் பதில் இல்லை.

கடைசியாக நான் அங்கிருந்து புறப்படுவதற்கு முன்னால், தன் சின்ன மகளுக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். அந்தப் பிள்ளை தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிக்கிறதாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். நன்றாகப் படி, மழையில் நனையாதே, அம்மாவைக் கேட்டதாகச் சொல். எங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவரைக் கவனிக்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்க இருக்கறீங்கன்னு கேக்குமுங்களே, என்ன எழுதட்டும்?” என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

“சொந்தக்காரங்க ஊட்டுல இருக்கறென்னு எழுது,” என்றார்.

அம்மா தலையை நிமிர்த்தவில்லை. உரித்த வெங்காயத்தை ஒரு பக்கமும் தோலை ஒரு பக்கமும் ஒதுக்கினாள். நான் எழுதினேன்.